கூடாரத்துக் கீரை

அப்பா,

இன்று காலை கூடாரத்தின் பக்கத் திரையைச் சுருட்டியதும், வெயில் பட்ட பிளாஸ்டிக் வாடை முகத்தில் அடித்தது. உடனே உங்கள் ஞாபகம். பூ வாசனைக்கெல்லாம் நீங்கள் வருவதில்லை.

பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்ட வருஷம், சுங்கை பினாங் வீட்டுப் பின்புறத்தில் கீரை வளர்க்க அந்தக் கூடாரத்தைக் கட்டினேன். ஜுரு பட்டறைப் பக்கம் யாரோ வீசிய குழாய்களை வில்லாக வளைத்து நட்டு, மேலே பிளாஸ்டிக் போர்த்தினேன். நம் ஊர் மழை நாற்றைச் சேற்றோடு சேர்த்துவிடும். அதற்குத்தான் அந்தக் கூரை. மழைக்குத் திரையை இறக்க வேண்டும், வெயிலுக்கு ஏற்ற வேண்டும். மறந்தால் உள்ளே எல்லாம் வெந்துவிடும்.

உங்கள் ஆபீஸ் நண்பர் வந்தபோது என் காதுபடச் சொன்னீர்கள்: "கோழிக்கூண்டுக்கு மழைக்கோட்டு போட்டிருக்கான்லா." அவரைவிட நீங்கள்தான் சத்தமாகச் சிரித்தீர்கள்.

முதல் கீரையை அம்மா சமைத்தார். தட்டைத் தள்ளினீர்கள். "இவன் கீரை என் வாய்ல படாது. செத்தாலும் படாது."

பிறகு ஒருநாள் நான் பசாருக்குச் சாமான் வாங்கப் போய்த் திரும்பினேன். உச்சி வெயில். திரைகள் இறங்கியிருந்தன, கூடாரத்தின் இரண்டு வாசல்களும் கட்டப்பட்டிருந்தன. உள்ளே கீரை வெந்து படுத்திருந்தது.

"யாருப்பா இறக்குனது?"

"மழ வர்ற மாதிரி இருந்துச்சு. நல்லதுக்குத்தான் செஞ்சேன்."

"வானத்தப் பாருங்கப்பா. ஒரு மேகம் இருக்கா?"

பேப்பரைப் பிரித்து முகத்தை மறைத்துக்கொண்டீர்கள்.

நான் கத்தவில்லை. மறுபடி விதைத்தேன். என்றைக்காவது உங்களைத் தின்ன வைக்க வேண்டும் என்றே வருஷக்கணக்கில் விதைத்தேன். நீங்களும் லேசுப்பட்டவர் இல்லை. ஆஸ்பத்திரிக் கட்டிலில்கூட, கஞ்சியில் பச்சையாக ஏதாவது மிதந்தால், "எங்க வாங்குன?" என்று அம்மாவைக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறந்தீர்கள்.

கருமாதிப் படையலுக்குக் கீரையை நானே பறித்தேன். அம்மா என் கையைப் பிடித்தார்.

"டேய், அவருக்குப் பிடிச்சதத்தான்டா வைக்கணும். அவரு ஆத்மா நோகும்."

"நோகட்டும்மா."

இலையின் நடுவில் வைத்தேன்.

பிறகு பின்சுவரில் காகத்துக்குப் படையல் சோறு, வடை, கீரை எல்லாம் வைத்துக் கூப்பிட்டோம். வெகுநேரம் எதுவும் வரவில்லை. அதிலும் உங்கள் பிடிவாதம்தான் என்று நினைத்தேன். கடைசியில் ஒன்று வந்தது, கூடாரத்தின் மேலேயே வந்து உட்கார்ந்தது. சுவருக்குத் தாவி, வடையைத் தாண்டி, கீரையைக் கொத்தியது. அம்மா கன்னத்தில் போட்டுக்கொண்டு அழுதார். நான் சிரித்தேன்.

அந்தச் சிரிப்பை இன்னும் வைத்திருக்கிறேன். காகம் வந்தால் இப்போதும் ஒரு பிடி சமைத்த கீரை வைப்பேன்.

"உப்பு சரியா இருக்காப்பா?" என்று கேட்பேன்.

முகத்தை மறைக்க இப்போது உங்களிடம் பேப்பர் இல்லை.