அடியில் பூக்கும் காயா

2025 ஏப்ரல் 3
தேர்வாய் கண்டிகை. கம்பெனி விரிவாக்க நிலத்தைச் சர்வே செய்தேன். காயாச் செடி நாற்பத்தொன்று. ஆளுயரம், தடித்த இலை, எல்லாம் ஒரே அச்சு. படிவத்தில் ‘பயன்பாடு: இல்லை’. 20-க்குள் வெட்ட வேண்டும்.

ஏப்ரல் 9
தோட்ட வேலை செய்யும் திலகவதியக்கா வந்து நின்றார். பிறந்த மூன்றாம் நாள் இறந்த தன் பெண் குழந்தையை இருபத்திரண்டு வருடத்துக்கு முன் அங்கே ஒரு காயாவின் கீழ் புதைத்தாராம். கல் நடவில்லை. அந்தச் செடியை மட்டும் விட வேண்டுமாம்.
எது என்றேன்.
“இப்ப தெரியாது சார். ஒரு மழை பெய்யட்டும். மத்ததெல்லாம் மேல பூக்கும், அது மட்டும் அடியில, தரையோட பூக்கும்.”
மழைக்காக வேலையை நிறுத்துவதா?

ஏப்ரல் 17
மழை இல்லை. மேலதிகாரி இரண்டு முறை கேட்டுவிட்டார். படித்துப் பார்த்தேன்: காயா, இலையில்லாத முற்றிய கட்டையின் கணுக்களில்தான் பூக்கும். அப்படியானால் அடிமரம் மிகத் தடித்ததுதான் அடியில் பூக்கும். கணக்கு முடிந்தது. அதில் சிவப்பு ரிப்பன் கட்டி, உங்களுடையது பத்திரம் என்று அக்காவிடம் சொன்னேன்.
“மழை வரட்டும் சார்” என்றார். பிடிவாதம்.

ஏப்ரல் 19
மற்ற நாற்பதையும் வெட்டியாயிற்று. அடிக்கட்டைகளைப் பிடுங்க மே 5-இல் ஜேசிபி.

ஏப்ரல் 24
மழை.

மே 3
ரிப்பன் கட்டியது பூத்திருக்கிறது. நாலிதழ், எட்டு மகரந்தத் தாள், கண் கூசும் நீலம். எல்லாம் மார்புக்கு மேலே. அடிமரம் மொட்டை.
அக்கா அதைப் பார்க்கவில்லை. வெட்டிய கட்டைகளுக்கு நடுவே உட்கார்ந்திருந்தார். முழங்கால் உயரக் கட்டை ஒன்று. ஆடு கடித்துக் கடித்து அடியெல்லாம் கணு. கணுவெல்லாம் நீலம்.
“இதான் சார்.”
அக்கா என்னைத் திட்டியிருக்கலாம். குழந்தைக்கு என்ன பேர் என்று கேட்டேன் — எதற்குக் கேட்டேன்?
“மூணு நாளுதானே சார். வைக்கல.”
திரும்பும் வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டேன்: இன்னா ஆளுடா நீ? ரெண்டு வாரம் பொறுத்தா செத்தா பூடுவ?

மே 5
ஜேசிபி ஓட்டும் பரசுராமன் எதை விடணும் என்று கேட்டார். கட்டையைச் சுற்றி நானே கம்பி வேலி போட்டேன். வரைபடத்தில் சுற்றுச்சுவர் எல்லையை ஆறடி உள்ளே தள்ளி வரைந்தேன். காரணம் என்ற இடத்தில் முதலில் ‘பாறை’ என்று எழுதினேன். அதை அடித்து, இடத்தைக் காலியாக விட்டேன்.

மே 6
மேலிடத்தில் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். பழைய படிவத்தையே திருத்திக் கையெழுத்திட்டுக் கொடுத்தேன்.
பயன்பாடு: ஒரு பெண் குழந்தை இங்கே இருக்கிறது.