ஐந்து வெற்றுத் தாள்கள்

6 ஜனவரி 2025, திங்கள்

எங்கள் வார்டின் கட்சி வட்டச் செயலாளர் வேலுவுக்கு அனுப்பவேண்டிய கடிதத்தின் வரைவு:

1. 12.8.2024: காலனித் தெருவுக்கு மூடிய கால்வாய் கட்ட ஒப்புதல் கிடைத்தது. அதற்காகப் பொன்னாடை போர்த்திக்கொண்டவர் நீர்; வார்டு உறுப்பினரான என் மனைவி கலைமகள் அல்லள்.

2. 4.11.2024: அதே கால்வாயை உமது பட்டுக் கடை இருக்கும் தெருவுக்கு மாற்றக் கோரி ஒரு கடிதம் தரப்பட்டது. 'காலனி மக்களுக்கு ஆட்சேபம் இல்லை' என்கிறது அது. காலனியில் எவரையும் நீர் கேட்கவில்லை.

3. 3.1.2025: உமது தெருவில் பள்ளம் தோண்டத் தொடங்கினர். காலனி வாசல்களில் சாயப்பட்டறைத் தண்ணீர் இன்றும் நிற்கிறது.

நான்காவதை எழுதவில்லை. நகராட்சிப் பொறியாளர் காட்டிய அந்தக் கடிதம் கலைமகளின் லெட்டர்பேடில் இருந்தது. கையெழுத்தும் அவளுடையதே.

7 ஜனவரி

அந்தக் கையெழுத்து அங்கே எப்படி வந்தது என்பது எனக்குத் தெரியும். நேற்று எழுதக் கை வரவில்லை.

2022இல் அவள் பதவியேற்ற வாரம், உட்காரவைத்து முப்பது தாள்களில் கையெழுத்து வாங்கினேன். "வெத்துத் தாளாச்சே, என்னங்க எழுதுவீங்க?" என்று கேட்டாள். சிபாரிசுக் கடிதம் கேட்டு வருகிறவர்களுக்காக ஒவ்வொரு முறையும் உன்னைத் தேடிக்கொண்டிருக்க முடியாது என்றேன். தீர்ந்தபோதெல்லாம் மறுபடி வாங்கினேன். முத்திரையும் என் தோல்பையில்தான். போன தீபாவளிக்கு முன் வேலு அவசரம் என்று முத்திரையிட்ட ஐந்து தாள்கள் கேட்டார். தேர்தலில் நிற்க எங்களுக்குச் சீட்டு வாங்கித் தந்தவர். எதற்கென்று கேட்காமல் கொடுத்தேன்.

கல்லூரியில் இருபத்தாறு ஆண்டுகளாக அரசியல் அறிவியல் நடத்துகிறேன். ஆளப்படுவோரின் சம்மதம் என்பது முதல் பருவத்துப் பாடம்.

11 ஜனவரி

வேலுவின் கடைக்குப் போனேன். உட்காரச் சொல்லி டீ வரவழைத்தார். கடிதத்தைப் பற்றிக் கேட்டதும் சிரித்தார்.

"கள்ளக் கையெழுத்தா போட்டேன்? நீங்க குடுத்த பேப்பர், உங்க வூட்டம்மா கையெழுத்து. மூணு வருஷமா அதுல நீங்க எழுதிகினு இருந்தீங்க. ஒருவாட்டி நான் எழுதினேன். பேஜார் பண்ணாதீங்க, கவுன்சிலர் சார்."

ஊரில் பாதிப்பேர் என்னை அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். ஒருநாளும் நான் திருத்தியதில்லை.

12 ஜனவரி

அந்த டீயைக் குடித்துவிட்டுத்தான் வந்தேன்.

18 ஜனவரி

காலனிக்குப் போனேன். அங்கே குடியிருக்கும் செல்லியம்மாள் தன் வாசலில் செங்கல் அடுக்கி, அதன்மேல் கால்வைத்து வெளியே வந்தார். பொங்கலன்று போட்ட கோலம் சிவப்புத் தண்ணீரில் போய்விட்டதாம். என்னை உள்ளே கூப்பிடவில்லை.

"ஓட்டு கலைமகளுக்குப் போட்டோம். வர்றது நீ. கால்வாயை எடுத்துகினு போனது வேலு. எங்களுக்குன்னு ஒரு ஆளை நிக்க வெச்சா, அதுக்குள்ள எத்தினி பேருய்யா கீறீங்க?"

நான் பிறந்த வீடு அங்கிருந்து மூன்று வாசல் தள்ளி.

22 ஜனவரி

வேலுவுக்கான கடிதத்தைக் கலைமகள் பெயரில் மாற்றி எழுதி, அவள் முன் வைத்துக் கையெழுத்து கேட்டேன். மூக்குக்கண்ணாடியை எடுத்துவந்து முழுவதும் படித்தாள். உறுப்பினரின் கடிதம் இல்லாமல் கால்வாயை மாற்ற முடியாதே, என் தாள் அவர் கைக்கு எப்படிப் போனது என்பது இதில் இல்லையே என்றாள். அப்போதுதான் சொன்னேன். ஐந்து தாள்களையும்.

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். பேனாவை மூடி வெச்சிட்டா. நான் என்ன பண்ணிட்டேன்?

24 ஜனவரி

கலைமகள் என்னை அழைக்காமல் செல்லியம்மாளோடு நகராட்சி அலுவலகத்துக்குப் போய், அந்தக் கடிதத்தைத் தான் எழுதவில்லை என்று எழுதிக் கொடுத்திருக்கிறாள். வேலை நின்றது. வேலுவின் கடை வாசலில் பள்ளம் அப்படியே கிடக்கிறது.

மாலையில் அவர் போன் செய்தார். அடுத்தமுறை சீட்டு கிடையாது என்றார், என்னிடம். உறுப்பினரிடமே சொல்லுங்கள் என்று அவளிடம் நீட்டினேன். அதற்குள் வைத்துவிட்டார்.

27 ஜனவரி

என் மேசையில் ஓர் உறை. புதிய லெட்டர்பேடு, முழுவதும் அவள் எழுத்து. அப்படியே படியெடுக்கிறேன்:

"1. 2.3.2022 முதல் என் பெயரில் நீங்கள் எழுதிய கடிதங்கள் எவை? யாருக்கு?

2. வேலுவிடம் போன ஐந்து தாளில் ஒன்று தெரிந்துவிட்டது. மற்ற நான்கு எங்கே?

3. கால்வாய் காலனிக்குத் திரும்பி வரும்வரை, என் பெயரில் யாரிடமும் பேசமாட்டேன் என்று எழுதித் தருவீர்களா?

முத்திரையை இன்றே மேசைமேல் வைக்கவும். வாயால் சொல்வதை ஏற்க மாட்டேன். 31.1.2025 வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள் எழுத்துமூலம் பதில் வேண்டும்.

கலைமகள்,
நகர்மன்ற உறுப்பினர்."