வேலியைத் தாண்டிய எண்ணெய்

பத்தாங் பெர்ஜுந்தாய், மலாயா, 1951

அன்புள்ள அம்மாவுக்கு, காப்ரியல் வணங்கி எழுதுவது. மாதா கிருபையில் நான் சுகம். உங்கள் மூட்டுவலி தேவலையா?

பிள்ளைகளைக் கோயிலுக்கு ஏற்றிப்போன தோட்டத்து டிராம் வண்டி துருப்பிடித்துக் கிடந்தது. "ஓடவைத்தால் வைத்துக்கொள்ளுங்கள், இல்லையென்றால் பழைய இரும்புதான்" என்றார் துரை. எண்ணெய் மட்டும் தரமாட்டாராம். ஞாயிறுதோறும் கூலியில்லாமல் நாங்களே பழுதுபார்த்தோம்.

வண்டிக் கொட்டகை, எங்கள் குடியிருப்பைச் சுற்றிப் போட்ட முள்வேலிக்கு வெளியே. காட்டில் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்குப் போய்விடுமென்று, அரிசியோ எண்ணெயோ வேலியைத் தாண்டக்கூடாது. அச்சுக்குக் கொண்டுபோன தேங்காயெண்ணெய்ப் போத்தலைக் காவல்காரன் பிடுங்கிக்கொண்டான்.

அடுத்த ஞாயிறு எல்லோரும் தலையில் எண்ணெய் வழிய வழியத் தேய்த்துக்கொண்டு அவன் முன்னால் போய் நின்றோம்.

"என்னா லா, இன்னிக்குத் தீபாவளியா?"

"தலைக்கு எண்ண வைக்கக்கூட ஒங்க சட்டத்துல எடமில்லையா?" என்றாள் ரப்பர் மரத்தில் பால்வெட்டும் டொரீன்.

அவன் வழிவிட்டான். கொட்டகையில் தலைகளை அழுத்தித் துடைத்து, அந்தத் துணிகளை அச்சுப் பெட்டிகளில் திணித்துத் தள்ளினோம். வண்டி உருண்டது! துரை சொன்னபடி இனி அது எங்களுக்கு. இன்னும் என்ன தடை போடுவார்களோ, போடட்டும்.

பெரிய பல் சீப்பு ஒன்று அனுப்புங்கள். முதுகுக்கு எண்ணெய் தேய்த்துவிடத்தான் இங்கே ஆளில்லை.

தபால் லோரி கிளம்புகிறது. எண்ணெய் வைக்காத தலையென்று இனி என்னைத் திட்டமுடியாது, அம்மா.

காப்ரியல்