எண்ணெய் டின்னுக்குப் பின்னால்

என்னங்க,

கார் சார்ஜ் கேபிளைத் தேடித்தான் இங்கே கை விட்டிருப்பீர்கள். அது என்னோடு மோல்மீன் போகிறது. பூஜை அலமாரியில் எண்ணெய் டின்னுக்குப் பின்னால் ஒளித்துவைத்தீர்களே, அந்த டின்னைத் தினமும் எடுக்கிறவள் யார்? முருகன் காட்டிக்கொடுத்தார் என்று வைத்துக்கொள்ளுங்கள். நேற்று கரண்ட் வந்த நேரத்தில் நீங்கள் குறட்டை விட்டீர்கள், வண்டியில் சார்ஜ் ஏறியது.

“கரண்டே இல்லாத ஊர்ல கரண்டு வண்டியா? பாதி ரோட்டுல நிப்பே!” என்று கத்தினீர்கள். நின்றால் நிற்கிறேன். போன தடவை நாம் வழியில் சைக்டோவில் சார்ஜ் தீர்ந்து நின்றபோது, புத்த மடத்துப் பிக்கு ஜெனரேட்டரைப் போட்டுச் சார்ஜ் ஏற்றிச் சாப்பாடும் கொடுத்தாரே, மறந்துவிட்டதா? அவருக்கு ஒரு மூட்டை அரிசி எடுத்துப் போகிறேன். மோல்மீனில் என் தங்கச்சி பேரன் காதுகுத்துக்கு நான் போகாமல் எப்படி?

உங்கள் அம்மாவும் வருகிறார். “அவன் கெடக்கான், நீ வண்டிய எடு” என்று முன் சீட்டில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

சோறும் பருப்பும் அடுப்பு மேல் இருக்கின்றன. கீழ்வீட்டுப் பெண் மா தீடா குழம்பு கொண்டுவருவாள், முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ளாமல் வாங்குங்கள். வாசல் தண்ணீர்ப் பானையை நிரப்பிவையுங்கள். வழியில் யாரோ நமக்குக் கரண்ட் தரும்போது, நம் வாசலைக் கடப்பவர் தாகத்தோடு போகக் கூடாது.

தவமணி

பி.கு: நீங்கள் கத்தியது பயத்தில்தான் என்று எனக்குத் தெரியும். சைக்டோ தாண்டியதும் போன் செய்கிறேன்.

இன்னொன்று: கேபிளுக்காகவாவது சாமி முன்னால் வந்தீர்கள். வந்ததுதான் வந்தீர்கள், விளக்கை ஏற்றிவிடுங்கள். எண்ணெய் டின் எங்கே இருக்கிறது என்று உங்களுக்கே தெரியும்.