எந்தக் குடை

போளூர்,
ஞாயிறு, பூசைக்குப் பிறகு.

அன்பு மகள் ஃபெமினாவுக்கு அப்பா எழுதுவது. ஆண்டவர் புண்ணியத்தில் நானும் அம்மாவும் சுகம், நார்வேக் குளிரில் நீயும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முழங்கால் வலி குறைந்திருக்கிறது, பேச்சு மட்டும் குறையவில்லை. கேரட் நன்றாக வந்திருக்கிறது, மேல் வயலைக் காட்டுமாடு மிதித்தது போக. போனில் சொல்ல வாய் வராத ஒரு சங்கதி இருக்கிறது, அதற்காகத்தான் இந்தக் கடிதம்.

போன லீவில் பழைய கேபிள் டிவி டிஷ் குடையில் பளபளப்புத் தாள் ஒட்டி வெயில் அடுப்பு செய்து கொடுத்தாய். பத்து நிமிஷத்தில் வெந்நீர் கொதித்தது. கூம்பை அதன் சாய்ந்த பக்கத்துக்கு இணையாக வெட்டினால் பரவளையம் கிடைக்கும் என்று முப்பது வருஷம் பள்ளிக்கூடத்தில் கேரட்டை வெட்டிக் காட்டினேன், வெட்டிய துண்டெல்லாம் உன் வாய்க்குத்தான் போகும். பரவளைய வடிவத்தில் குழிந்த குடை, தன் மேல் விழும் வெயிலை எல்லாம் குவியம் என்கிற ஒரே இடத்தில் கொண்டு சேர்க்கும். கரும்பலகையில் அதற்கு ஒரு புள்ளி வைத்துவிட்டு அடுத்த கணக்குக்குப் போய்விடுவேன். அந்தப் புள்ளி சுடும் என்று எந்தப் பிள்ளைக்கும் சொன்னதில்லை.

சோலையம்மாளால் பூண்டுக் கொட்டகை எரிந்தது, கவனமில்லாதவள் என்று போன வாரம் உன்னிடம் சொன்னேன். நீயும் அவளை வேலைக்கு வர வேண்டாமென்று சொல்லச் சொன்னாய், நான் சொல்லிவிட்டேன். நடந்தது அது இல்லை. அன்று மத்தியானம் தூறல் விழுந்து மேகம் மூடியது. அம்மா வெயில் அடுப்பிலிருந்து பானையை இறக்கிவிட்டுப் பிடிதுணியைக் குவியத்தில் பானை தாங்கும் கம்பியிலேயே போட்டுவிட்டு வந்தாள். நான் உள்ளே இருந்தபடி, சோலையம்மா, குடையைக் கவுத்து வை என்று சத்தம் போட்டேன். வாசலில் என் கறுப்புக் குடை விரித்தபடி நனைந்து கிடந்தது. அவள் அதைத்தான் கவிழ்த்து வைத்தாள். நான் சொன்ன அடுப்புக் குடை வீட்டுக்குப் பின்னால் வானத்தைப் பார்த்தபடியே இருந்தது. மேகம் விலகி வெயில் அடித்ததும் பிடிதுணி தீப்பற்றி, காற்றில் பறந்து கொட்டகைக் கூரையில் விழுந்தது. விதைப்பூண்டு முழுக்கப் போச்சு. அவள் விதைக்கு வைத்திருந்த இரண்டு மூட்டையும் அதற்குள்தான் இருந்தது.

அன்றைக்கே அவள் சொன்னாள், சார், குடையைக் கவுத்துன்னீங்க, கவுத்துட்டேனே என்று. எனக்கு அப்போதே விளங்கிவிட்டது. ஆனாலும் ஊர்க்காரர்கள் சுற்றி நிற்கையில் வாய் திறக்கவில்லை. வெட்கமாக இருக்கிறது, ஃபெமினா.

நேற்று வெள்ளனே அவள் வீட்டுக்குப் போய்த் தப்பு என்னுடையது என்றேன். அவள் அடுப்பை ஊதியபடி, அத எங்கிட்ட எதுக்கு சார் சொல்றீங்க, எனக்குத்தான் தெரியுமே, தெரியாதவங்ககிட்டப் போய்ச் சொல்லுங்க என்றாள். உட்காரக்கூடச் சொல்லவில்லை. இன்று பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று எல்லாரிடமும் சொன்னேன். மிச்சம் இருப்பது நீ ஒருத்தி.

வேளைக்குச் சாப்பிடு, காதை மூடிக்கொண்டு வெளியே போ. ஆண்டவர் உன்னைக் காப்பாற்றுவார். சோலையம்மாளுக்கு மறக்காமல் போன் செய். வேலைக்கு வரச் சொல்லிக் கேட்காதே, அது அவள் இஷ்டம். அப்பா சொன்னது பொய் என்று உனக்கும் தெரியும் என்பதை மட்டும் சொல்.

உன் அப்பா,
லூர்துசாமி