பாய் சொல்லவில்லை

1994 பிப்ரவரி 10

உடம்புக்கு ஒன்றுமில்லை. வாய்தான் சரியில்லை. ஏன்டா சாப்பிடலை என்று அம்மா கேட்டுக்கொண்டே இருக்கிறாள். அவளிடம் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

மத்தியானம் பேக்கரியில் டீ குடித்துக்கொண்டு நின்றிருந்தேன். வெள்ளை வேட்டி, கக்கத்தில் தோல்பை வைத்த ஒருத்தர் பக்கத்தில் வந்தார். "ஏனுங்க தம்பி, அடுத்த வீதியில ரூம் எடுத்துத் தங்கியிருக்கற மோகன்குமார் உங்களுக்குப் பழக்கமுங்களா?"

கொடுமுடிக்காரர். அவருடைய அக்கா மகளுக்கு மோகனைப் பார்த்திருக்கிறார்கள். பையன் எப்படி என்று விசாரிக்க வந்திருக்கிறார். கல்யாணம் என்றால் எல்லோரும் செய்வதுதான்.

"நல்ல பையனுங்க" என்றேன். அதோடு நிறுத்தியிருக்க வேண்டும்.

"பி.இ. முடிச்சுட்டு ஏதோ கம்பெனியில இஞ்சினியரா இருக்கறாருன்னாங்க. தம்பி என்ன பண்றீங்க?"

"சும்மாதாங்க இருக்கறேன். நானும் அதே காலேஜுதான். மூணாம் வருசம் உட்டுப்போட்டேன்."

மேலேயிருந்து கீழே வரை பார்த்தார். "அது சரி. அந்தத் தம்பியாட்டம் எல்லாருக்கும் படிப்பு வந்துருமுங்களா?"

இதையே ரெண்டு வருசமாகக் கேட்டாச்சு. அம்மா, மாமா, ரேசன் கடைக்காரன் வரைக்கும். மோகனைப் பாரு. மோகனைப் பாரு.

"அவனெங்கீங்க முடிச்சான்? நானும் அவனும் ஒரே நாள்லதான் வெளிய வந்தோம். உக்கடத்துல யாகூப் பாய் கடையில எரிஞ்ச மோட்டாருக்குக் காயில் கட்டீட்டு இருக்கறானுங்க."

சொல்லிப்போட்டேன். சிரிச்சுக்கிட்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. என் டீக்கும் சேர்த்துக் காசு கொடுத்துவிட்டுப் போனார்.

நான் காலேஜை விட்ட அன்றைக்கே வீட்டில் சொல்லி அடி வாங்கினேன். மோகன் சொல்லவே இல்லை. அவன் அப்பா தாராபுரத்தில் வெங்காயக் காட்டில் நின்றுகொண்டு, எம் பையன் இஞ்சினியர் என்று போகிறவன் வருகிறவனிடமெல்லாம் சொல்கிறார். எங்கள் செட் பசங்கள் மெட்ராஸ், பெங்களூர் என்று போய்விட்டார்கள். இங்கே விசயம் தெரிந்தவர்கள் ரெண்டே பேர். யாகூப் பாய். நான்.

பிப்ரவரி 11

மோகன் ரூம் இருக்கிற வீதியை விட்டு, சுற்றிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன்.

பிப்ரவரி 13

அந்தப் பெண்ணுக்கு நல்லதுதானே செய்தேன்? பொய்யை நம்பிக் கழுத்தை நீட்டியிருந்தால் அவள் கதி என்ன?

சரி. ஆனால் டீ குடிக்கும்போது அந்தப் பெண்ணை நினைத்தேனா? இல்லையே. அவள் பேர்கூட எனக்குத் தெரியாது.

கதையில் வருகிற துரோகியைப் பார்த்ததுமே அடையாளம் தெரிந்துவிடும். கண்ணாடி பார்த்தேன். சவரம் பண்ணாத மூஞ்சி. அவ்வளவுதான்.

பிப்ரவரி 16

மோகன் வந்தான். கல்யாணப் பேச்சு நின்றுவிட்டது. கொடுமுடிக்காரர்கள் அவன் அப்பாவிடம் காரணம் சொல்லவில்லை. உங்க பையனையே கேட்டுக்கோங்க என்று மட்டும் சொல்லியிருக்கிறார்கள். தரகர் வேலுமணிதான் மோகனிடம் தனியாக, "பாய் கடை விசயம் தெரிஞ்சு போச்சு கண்ணு" என்றாராம்.

"புவனாடா பேரு" என்றான். சட்டைப் பையில் அவள் போட்டோ. இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை.

என் கட்டிலில் உட்கார்ந்து விரலில் ஒட்டியிருந்த காயில் வார்னிஷைச் சுரண்டிக்கொண்டே சொன்னான். "ரெண்டு பேருக்குத்தான்டா தெரியும். நீ, பாய். நீ சொல்ல மாட்டே. அப்ப யாரு?"

நான் "யாருடா?" என்றேன்.

அய்யோ. யாருடான்னு கேட்டேன். நான் கேட்டேன்.

பிப்ரவரி 17

கூட வாடா என்றான். போனேன். வேறு என்ன செய்ய?

யாகூப் பாய் தரையில் உட்கார்ந்து மோட்டாரைப் பிரித்துக்கொண்டிருந்தார். நோன்பு. உதடு காய்ந்திருந்தது. மோகன் செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே போனான்.

"என் பொழப்புல ஏன் பாய் மண்ணள்ளிப் போட்டீங்க?"

"என்னப்பா சொல்றே?"

"கொடுமுடிக்காரர்கிட்டப் போட்டுக் குடுத்தது நீங்கதானே?"

"நான் சொல்லலே."

"நோம்பு வெச்சுட்டுப் பொய் சொல்லாதீங்க பாய்."

பாய் கையிலிருந்த கட்டிங் பிளேயரைக் கீழே வைத்தார். மெதுவாக என்னைப் பார்த்தார். அவர் சொல்லவில்லை என்பது அவருக்குத் தெரியும். மிச்சம் யார் என்பதும் தெரியும். சொல்லிவிடுவார், இப்போது சொல்லிவிடுவார்—

"நான் சொல்லலே மோகன்" என்றார் மறுபடியும். அவ்வளவுதான்.

மோகன் பாதி கட்டிய காயிலை எட்டி உதைத்துவிட்டு வெளியே போனான். நான் நின்றேன். பாய் என்னைப் பார்க்காமலே, "அவன் பின்னால போ தம்பி. இப்பத் தனியா உடாதே" என்றார்.

பிப்ரவரி 18

பாய் ஏன் சொல்லவில்லை?

பிப்ரவரி 21

பேக்கரியில் இதே பேச்சு. பாய் ஏதோ போட்டுக் குடுத்துக் கல்யாணத்தைக் கெடுத்துவிட்டார் என்று மோகன் எல்லோரிடமும் சொல்லிவிட்டான். ஒர்க்ஷாப் நரசிம்மலு அண்ணனிடம் வருகிற வீட்டு மோட்டார், காட்டு மோட்டார் எல்லாம் ஆட்டோவில் பாய் கடைக்குத்தான் போகும். "நம்ம பையனைக் கெடுத்தவனுக்கு இனி ஒரு மோட்டாரும் போகாது" என்றார். பின்னால் ஒருத்தன், "அவனுக எல்லாம் அப்படித்தானுங்க" என்றான்.

நான் தலையாட்டினேன்.

ஆட்டினேனா? ஆட்டினேன். எழுதித்தானே ஆகணும்.

மோகன் என் தோளில் கை போட்டுக்கொண்டு நின்றான். அந்தக் கை என்ன கனம் கனக்குது.

பிப்ரவரி 23

தாங்க முடியவில்லை. பாய் கடைக்குத் தனியாகப் போனேன். சாயங்காலம். அவர் மனைவி ரம்லாக்கா நோன்புக் கஞ்சித் தூக்கை வைத்துவிட்டுப் போய்க்கொண்டிருந்தார். கடையில் வேலை ஒன்றும் இல்லை. அலமாரி காலி.

"அன்னிக்கு ஏங்க பாய் சொல்லலே?"

"சொன்னா?" என்றார். "அவன் எம்மேல நம்பிக்கையில்லாமத்தான் வந்தான். உம் பேரையும் சொல்லியிருந்தா அவனுக்கு யாருமே இல்லாமப் போயிருக்கும். ஒருத்தனாச்சும் மிஞ்சட்டும்னு உட்டேன். உனக்காகன்னு நெனச்சுக்காதே. உன்னப் பாத்தா எனக்குப் பத்திக்கிட்டு வருது."

"உங்க தொழில் படுத்துப் போச்சுங்களே."

"ஆமா. படுத்துப் போச்சு. அதுக்கு என்ன பண்ணப் போறே, கஞ்சி குடிக்கப் போறியா?"

பள்ளிவாசலில் பாங்கு சொல்கிற சத்தம் கேட்டது. பாய் ஒரு டம்ளரில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். "குடி. குடிக்காட்டிப் போ. உன் இஷ்டம்."

குடிக்கவில்லை.

பிப்ரவரி 25

நாளைக்கு மோகனின் அப்பா வருகிறார். "பாஸ் பண்ணிட்டான்னு நீ ஒரு வார்த்தை சொல்லுடா. நீ சொன்னா நம்புவாரு" என்கிறான். சரி என்றேன். என்ன வேண்டுமானாலும் சரி என்கிறேன் இப்போதெல்லாம்.

பிப்ரவரி 26

அவர் வந்தார். பேர் கருப்புசாமி, ஆள் என்னைவிடக் குள்ளம். மோகன் ரூமில் நாற்காலி வேண்டாம் என்று சொல்லி, கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். மோகனைக் கேட்கவில்லை. என்னைக் கேட்டார்.

"கண்ணு, நீ ஊட்டுல அடி வாங்குனாலும் உண்மையச் சொன்னவன்னு இவனே சொல்லியிருக்கறான். நீயே சொல்லு. எம் பையன் பாஸாயிட்டானா?"

மோகன் அவர் முதுகுக்குப் பின்னால் நின்று என்னையே பார்த்தான்.

"இல்லீங்கப்பா" என்றேன். அதோடு நிற்கவில்லை வாய். "கொடுமுடிக்காரர்கிட்ட பாய் சொல்லலீங்க. நான்தானுங்க சொன்னேன்."

அடிப்பான் என்று நினைத்தேன். அடிக்கவில்லை.

"எதுக்குடா?" என்றான்.

"அந்தாளு உன்னப் பெருமையாப் பேசுனாரு."

வேறு காரணம் இருந்தால் சொல்லியிருப்பேன். இல்லையே.

மோகன் வெளியே போனான். அவன் அப்பா தலையைக் குனிந்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தார். கொண்டுவந்த பலகாரப் பை பிரிக்காமல் மடியில் இருந்தது.

மார்ச் 1

பேக்கரியில் எல்லோர் முன்னாலும், சொன்னது நான்தான் என்றேன். நரசிம்மலு அண்ணன் டீ டம்ளரை வைத்துவிட்டு, "தூ" என்றார். சாயங்காலம் அவர் ஒர்க்ஷாப்பிலிருந்து ரெண்டு மோட்டார் உக்கடத்துக்குப் போனதாம்.

மார்ச் 6

நான் போய் நின்றால் பேக்கரியில் பேச்சு நிற்கிறது.

மார்ச் 14

இன்றைக்கு நோன்புப் பெருநாள்.

மோகன் மறுபடியும் பாய் கடையில்தான் இருக்கிறான். அவன் அப்பா ஊருக்குப் போய் ஒரு வாரம் கழித்து, பாய்க்கு ஒரு மூட்டை வெங்காயம் பஸ்ஸில் ஏற்றி அனுப்பியிருக்கிறார். இன்றைய பிரியாணிக்கு அந்த வெங்காயம்தானாம். அம்மா மார்க்கெட்டில் கேட்டுவந்து சொன்னாள். எனக்கு ஒருத்தரும் சொல்லவில்லை. ஏன் சொல்லணும்?

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே வாசலில் டி.வி.எஸ். வண்டிச் சத்தம். மோகன்தான். முன்பெல்லாம் வாசலிலேயே "டேய் மூர்த்தி" என்று கத்திக்கொண்டு நேராகச் சமையல்கட்டுக்குப் போய்விடுவான். இன்றைக்குக் கேட்டுக்கு அந்தப் பக்கமே நிற்கிறான். என்ஜினை நிறுத்தவில்லை. உள்ளே வாப்பா என்று அம்மா கூப்பிட்டும் வரவில்லை.

"ஏனுங்க, ரம்லாக்கா உங்களச் சாப்பிடக் கூட்டியாரச் சொன்னாங்க" என்கிறான்.

உங்களை. என்னை. ஆறு வருசப் பழக்கத்தில் முதல் தடவை.

போய் என்ன பேச? அவன் பின்னால் உட்கார்ந்துகொண்டு கையை எங்கே வைக்க?

"ஏனுங்க, வாரீங்களா, இல்லீங்களா?"

போகணும். நிற்கிறான்.