ஃபிரிட்ஜ் உச்சியில் எழுதியது

தூரத்தில் இருக்கும் தம்பிக்கு,

உன் சிநேகிதனின் அப்பா சொல்லச் சொல்ல எதிர்வீட்டு நர்ஸம்மா எழுதுவது. இங்கே நலம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நீயாவது நலமாக இரு.

புது மேம்பாலம் திறப்பதற்கு முன்பே விரிசல் விட்டது, பஸ்காரர்கள் மாதக்கணக்கில் வண்டி எடுக்கவில்லை, நம் தெருக் குழாய் வெடித்துத் தண்ணீர் மாடிப்படி வரை ஏறியது. எல்லாம் ஒரே வருஷம். அந்த வருஷம்தான் நீயும் என் மகனும் அந்தப் பெரிய கம்பெனி இன்டர்வியூவுக்குத் தயாரானீர்கள். எனக்கு எழுத்து தெரியாது. ஆனால் கண்ணில் பட்டது எதுவும் மறக்காது.

அங்கே கம்ப்யூட்டரைக் கொடுக்காமல், பலகையில் நின்றுகொண்டு எழுதச் சொல்வார்களாமே. பலகைக்கு எங்கே போவது? எங்கள் ஃபிரிட்ஜ் கதவில் எழுதிப் பழகினீர்கள். ஒருத்தன் எழுத, மற்றவன் அதிகாரி மாதிரி கால்மேல் கால் போட்டுக் கேள்வி கேட்பான். "உங்க கிறுக்கலுக்கு நான் காவல் நிக்கணுமாடா? நகருங்கடா, பால் எடுக்கணும்" என்று என் வீட்டுக்காரி கத்துவாள். உனக்கு ஒட்டடைக்குச்சி என்று பேர் வைத்தவளும் அவள்தான். ஃபிரிட்ஜ் உச்சி உனக்கு மட்டும்தான் எட்டும்.

முதலில் உனக்கு இன்டர்வியூ, மறுநாள் அவனுக்கு. முடித்துவிட்டு நேராக இங்கே வந்தாய். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்று கையெழுத்து வாங்கியிருந்தார்களாம். அப்படியும் ஃபிரிட்ஜ் கதவின் உச்சியில் விடையைக் கட்டம் கட்டமாக வரைந்து, கடைசிக் கட்டத்திலிருந்து முதல் கட்டத்துக்கு ஓர் அம்பு போட்டாய். "இதையே கேட்டாங்கன்னா கண்ணை மூடிட்டுப் போடுடா" என்றாய். ஆசையில் சொன்னாய், எனக்குத் தெரியும்.

அதையேதான் கேட்டார்கள். எல்லாச் சுற்றும் நன்றாகத் தாண்டி, கடைசிச் சுற்றில். இவன், "மேடம், இந்தக் கேள்வி எனக்கு முன்னாடியே தெரியும்" என்று சொல்லிவிட்டான். யார் சொன்னது என்று அந்த அம்மா கேட்டாராம். இவன் உன் பேரைச் சொல்லவே இல்லை. வேறு கேள்வி கொடுத்தார்கள். பாதியில் நேரம் முடிந்துவிட்டது.

உனக்குக் கிடைத்தது, அவனுக்கு இல்லை என்று சேதி வந்த அன்று, ஏன்டா சொல்லித் தொலைத்தாய் என்று அவன் அம்மா பிடித்து உலுக்கினாள். "தெரிஞ்ச விடையை இப்பத்தான் யோசிக்கிற மாதிரி தலையைச் சொறிஞ்சு சொறிஞ்சு எழுதணும்மா. எனக்கு அந்த நடிப்பு வரலை" என்றான். ஆத்திரத்தில் அவள், "இந்த வீட்டுச் சோத்தைத் தின்னவன் வாயாலதான் கெட்டோம்" என்றாள். வாசலில் உன் நிழல் நின்றதையும் படி இறங்கியதையும் நான் பார்த்தேன். அப்புறம் நீ இந்தப் படி ஏறவில்லை.

அந்தச் சொல்லுக்காக அவள் தன்னையே திட்டிக்கொள்ளாத நாள் இல்லை. சாப்பிட உட்கார்ந்தால், "அந்த ஒட்டடைக்குச்சி வேளைக்குத் தின்னுதோ என்னவோ" என்பாள். அப்படியே போய்ச் சேர்ந்துவிட்டாள்.

அவன் அதற்குப் பிறகும் வேறு வேறு இன்டர்வியூவுக்குப் போய்ப் பார்த்தான். ஒவ்வொரு தடவையும் சிரித்துக்கொண்டே வருவான், அன்றைக்குச் சாப்பிட மாட்டான். கடைசியில் மருந்துக்கடைகளுக்கு பில் போடும் புரோகிராம் எழுதுகிற சின்ன ஆபீசில் காலம் தள்ளினான். டிவியில் உன் கம்பெனி பேர் வந்தால், "நம்மாளு அங்கதாம்ப்பா இருக்கான்" என்று சத்தத்தைக் கூட்டுவான். உன்மேல் ஒரு குறை சொல்லி நான் கேட்டதில்லை. போன மாதம் ஆபீஸ் நாற்காலியிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்துவிட்டான்.

நீ அனுப்பிய செய்தியை நர்ஸம்மா படித்துக் காட்டினார். "மன்னிச்சிடுங்கப்பா, எந்த முகத்தை வச்சுக்கிட்டு வர்றது" என்று கேட்டிருக்கிறாய். இருக்கிற முகத்தை வைத்துக்கொண்டு வா. புதிதாக ஒன்று பார்க்க என் கண்ணில் தெம்பில்லை.

ஃபிரிட்ஜ் ஓடுவதில்லை. உள்ளே அவன் துணிகளை மடித்து வைத்திருக்கிறேன். கதவின் உச்சியில் நீ எழுதியது மட்டும் அப்படியே இருக்கிறது. துடைக்க எங்கள் யாருக்கும் கை எட்டவில்லை.

கையெழுத்துக்குப் பதிலாகக் கீழே என் பெருவிரல் மை இருக்கும். நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். லீவு கிடைக்காவிட்டால் போனிலாவது கூப்பிடு, அப்பா என்றே கூப்பிடு. என்னை அப்படிக் கூப்பிட இன்னும் உயிரோடு இருப்பது ஒருத்தன்தான், ஒட்டடைக்குச்சி.